வயலில் ஒருவர், பட்டாவில் ஒருவர்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஒரு வயலைக் காட்டி அது யாருடையது என்று கேட்டால் ஒரே பதில் கிடைப்பது அரிது. வருவாய்த் துறை ஏட்டில் பட்டாதாரராக இருப்பவர் மதுரை நகரிலோ சென்னையிலோ வேறு தொழிலில் இருப்பார்; நிலத்தை வாய்ச்சொல்லை நம்பிக் குத்தகைக்கு எடுத்து உழுபவர் ஊரில் இருப்பார்; நாற்று நடுவது, களை பறிப்பது என்று பாதி வேலையைச் செய்யும் அவருடைய மனைவியின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. ஏட்டுக்கும் வயலுக்கும் இடையிலான இந்த விலகல், விளைச்சலையும் உழவர் வருமானத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்ற கேள்வி, வளரும் நாடுகளின் வேளாண்மையை ஆராயும் பொருளியலாளர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஈர்த்து வந்திருக்கிறது. அவர்கள் கண்ட முடிவுகளில் பல, மதுரை வட்டாரத்தின் அன்றாட நடைமுறைக்கு மிக அருகில் நிற்பவை.

நில உரிமை என்பதைப் பொருளியலாளர்கள் ஒற்றை உரிமையாகக் கொள்வதில்லை. பயிரிடும் உரிமை, பிறரை விலக்கும் உரிமை, விற்கவும் அடகு வைக்கவும் உள்ள உரிமை, வாரிசுக்கு விட்டுச் செல்லும் உரிமை என அது பல உரிமைகளின் தொகுப்பு. இவை அனைத்தும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமை உறுதியாக இருந்தால் விளைச்சல் உயரும் என்பதற்கு அவர்கள் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். நாளை நிலம் கையை விட்டுப் போகாது என்று நம்புபவரே கிணறு வெட்டவும் வரப்பைப் பலப்படுத்தவும் வண்டல் அடிக்கவும் துணிவார் என்பது முதற்காரணம். உரிமை ஆவணத்தைக் காட்டிக் குறைந்த வட்டிக்குக் கடன் பெறலாம் என்பது இரண்டாவது. உழ இயலாதவர் அச்சமின்றி நிலத்தை உழக்கூடியவரிடம் விட முடியும் என்பது மூன்றாவது. இவற்றில் முதற்காரணத்திற்குத் தெளிவான சான்றுகளில் ஒன்று ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள அக்வாப்பிம் பகுதியில் மார்கஸ் கோல்ட்ஸ்டீனும் கிறிஸ்டோபர் உட்ரியும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஊர் அதிகாரத்தில் பதவி வகிப்பவர்கள் தங்கள் நிலத்தை வளம் மீளும்வரை தரிசாக விட்டு வைக்கிறார்கள் என்றும், செல்வாக்கற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், தரிசாக விட்டால் நிலம் பறிபோகும் என்று அஞ்சி ஓய்வில்லாமல் பயிரிட்டு விளைச்சலை இழக்கிறார்கள் என்றும் காட்டியது. மண்ணின் தரம் உழுபவரின் சமூகச் செல்வாக்கோடு பிணைந்திருக்கிறது என்ற அந்த முடிவைத் தமிழகத்தின் ஊர்ப்புறம் அறிந்தவர் எவரும் எளிதில் புரிந்துகொள்வார்.

நில உரிமை பற்றிய ஆய்வுகளில் மதுரை வட்டாரத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆங்கிலேயர் காலத்தின் இரண்டு நிலவரி முறைகள் இங்கே அடுத்தடுத்து நின்றன. நகரைச் சுற்றிய பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை வந்தது. அதாவது தாமஸ் மன்றோ வகுத்த வழியில், அரசு இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி வாங்கி, அவர் பெயரில் பட்டா வழங்கியது. கிழக்கே சிவகங்கையும் ராமநாதபுரமும் 1803இல் நிரந்தர வரித்திட்டத்தின் கீழ் ஜமீன்களாயின. அங்கே அரசுக்குக் கடமைப்பட்டவர் ஜமீன்தார், உழவரோ ஜமீன்தாருக்குக் கடமைப்பட்டவர். மேற்கே மலையடிவாரத்தில் சாப்டூர், போடிநாயக்கனூர் போன்ற பழைய பாளையங்களும் ஜமீன்களாகவே தொடர்ந்தன. இந்தியா முழுவதும் இவ்விரு வகை மாவட்டங்களை ஒப்பிட்டு அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஜமீன் முறை ஒழிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பழைய ஜமீன் மாவட்டங்கள் விளைச்சலிலும் பாசன முதலீட்டிலும் பள்ளி, மருத்துவ வசதிகளிலும் பின்தங்கியிருந்தன என்றும், அந்த இடைவெளி பசுமைப் புரட்சி தொடங்கிய 1960களுக்குப் பின்னரே பெரிதும் விரிந்தது என்றும் கண்டது. சில மாவட்டங்களை அவர்கள் வகைப்படுத்திய முறை குறித்துப் பின்னர் விமர்சனம் எழுந்தது உண்மை. மழையும் மண்ணும் வேறுபடும் ஒரு நாட்டில் எல்லாப் பழியையும் வரி முறையின் மேல் போட முடியாது. ஆயினும் ஒழிக்கப்பட்ட ஓர் உரிமை முறை, ஊர் ஒன்றுபட்டு அரசிடம் கேட்டுப் பெறும் திறனைத் தலைமுறை கடந்தும் பாதிக்கக்கூடும் என்ற கருத்து அந்த ஆய்வால் வலுப்பெற்றது.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் வரிசையாக வந்தன. ஜமீன்களை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக மாற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டம், உழும் குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தடுத்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், நியாயக் குத்தகையை வரையறுத்த 1956ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என உச்சவரம்பு விதித்த 1961ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்த 1970ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவை முக்கியமானவை. தர ஏக்கர் என்பது நிலத்தின் தரத்திற்கும் தீர்வைக்கும் ஏற்பக் கணக்கிடும் அளவு. நல்ல நன்செய் என்றால் குறைந்த பரப்பே ஒரு தர ஏக்கராகும், வானம் பார்த்த புன்செய் என்றால் பரப்பு கூடும். குத்தகைதாரர்களின் உரிமையை ஊர்வாரியாகப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே 1969இல் ஒரு தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. திமோதி பெஸ்லியும் ராபின் பர்ஜெஸும் 16 இந்திய மாநிலங்களின் 1958 முதல் 1992 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய சட்டங்களில் குத்தகைச் சீர்திருத்தமும் இடைத்தரகர் ஒழிப்பும் ஊரக வறுமையைக் குறைத்தன என்றும், உச்சவரம்புச் சட்டங்களுக்கு அத்தகைய விளைவு தென்படவில்லை என்றும் கூறியது. உறவினர் பெயரிலும் அறக்கட்டளைப் பெயரிலும் நிலம் பிரிந்து போன கதையைத் தமிழகம் நன்கு அறியும் என்பதால், உச்சவரம்பு குறித்த முடிவு இங்கே யாருக்கும் வியப்பளிக்காது.

குத்தகைச் சட்டத்தின் கதை அதைவிடச் சிக்கலானது. சட்டம் காகிதத்தில் குத்தகைதாரருக்கு அளித்த பாதுகாப்பே அவரைக் காகிதத்திலிருந்து விரட்டியது. குத்தகைதாரராகப் பதிவாகிவிட்டால் பின்னர் அவரை வெளியேற்றுவது கடினம் என்பதை அறிந்த நில உரிமையாளர்கள், எழுத்தில் எதையும் தராமல் இருப்பதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். இன்றும் பாசனப் பகுதிகளில் குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் அமைகிறது. விளைச்சலில் பங்கு கொடுப்பது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை அல்லது இவ்வளவு ரொக்கம் என்று பேசிக்கொள்வது குத்தகை. ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, அது திரும்பி வரும்வரை வட்டிக்குப் பதிலாக நிலத்தை அனுபவிப்பது ஒத்தி. ஒரே ஊரில் மூன்றும் நடக்கும். அரசுப் புள்ளிவிவரங்களில் குத்தகை நிலம் குறைவாகத் தெரிவதற்கு இந்த மறைவே காரணம் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

இந்த மறைவின் விலை என்ன என்பது ஒரு பயிர்ப் பருவத்தில் தெரிந்துவிடும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நிலம் யார் பெயரில் எவ்வளவு என்று சொல்வது சிட்டா. எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் குறிப்பது அடங்கல். அடங்கலில் உண்மையாகப் பயிரிடுபவரின் பெயர் ஏற வேண்டும் என்பதே நியாயம் என்றாலும், உரிமையாளர் ஒப்பாமல் ஒரு குத்தகைதாரரின் பெயரை ஏற்றத் துணியும் அலுவலர் அரிது. ஏற்றச் சொல்லிக் கேட்கத் துணியும் குத்தகைதாரர் அதனினும் அரிது, ஏனெனில் அடுத்த போகத்திற்கு நிலம் கிடைக்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடவும் அதே காகிதங்கள்தாம் வேண்டும். வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் நிவாரணமும், காப்பீடு செய்திருந்தால் இழப்பீடும் பல நேரங்களில் பட்டாதாரரின் வங்கிக் கணக்கிற்குப் போகின்றன. அதில் உழுதவருக்கு எவ்வளவு வரும் என்பது பட்டாதாரரின் மனசாட்சியைப் பொறுத்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் கிசான் திட்டம் 2019இல் வந்தபோதும், நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டதால், குத்தகை உழவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார்கள்.

குத்தகை நிலத்தில் விளைச்சல் குறையுமா என்பது ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து தொடரும் விவாதம். கூடுதலாக இடும் ஒவ்வொரு மூட்டை உரத்தின் பலனிலும் பாதி வேறொருவருக்குப் போகும் என்றால் வாரதாரர் குறைவாகவே இடுவார் என்பது ஒரு தரப்பின் வாதம். வறட்சி வந்தால் இழப்பையும் பங்கிட்டுக்கொள்வதால் ஏழை உழவருக்கு வாரம் ஒரு பாதுகாப்பு என்பது மறுதரப்பின் வாதம். ராட்வான் ஷாபான் 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் திரட்டிய ஊர்த் தரவுகளைக் கொண்டு, சொந்த நிலத்தையும் வார நிலத்தையும் சேர்த்துப் பயிரிடும் ஒரே குடும்பம் சொந்த நிலத்தில்தான் கூடுதலாக உழைப்பும் இடுபொருளும் இட்டு அதிகம் விளைவிக்கிறது என்று காட்டியது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ இயக்கம் வாரதாரர்களைப் பெருமளவில் பதிவுசெய்து, விளைச்சலில் முக்கால் பங்கையும் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பையும் அவர்களுக்கு உறுதிசெய்தது. அதன் பிறகு அம்மாநில வேளாண் உற்பத்தித்திறன் அடைந்த வளர்ச்சியில் ஏறத்தாழ 28 சதவீதத்திற்கு அந்த இயக்கமே காரணம் என்று பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் மூவரும் 2002இல் மதிப்பிட்டார்கள். பிரணாப் பர்தனும் திலீப் முகர்ஜியும் பண்ணை அளவிலான தரவுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தபோது பதிவின் பங்கு அதைவிடக் குறைவு என்றும், ஊராட்சி வழியாக வழங்கப்பட்ட விதை, உரத் தொகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் தெரிந்தது. பதிவு மட்டும் பயிரை வளர்க்காது. பதிவோடு விதையும் கடனும் நீரும் சேர வேண்டும் என்பதே இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம்.

தமிழ் வாசகர் மிகவும் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. பெஸ்லி, ஜெசிகா லைட், ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் ஆகியோர், 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மொழியாலும் வாழ்க்கையாலும் ஒத்த எல்லைப்புறப் பகுதிகள் வெவ்வேறு தென் மாநிலங்களுக்குள் விழுந்து, அதனால் வெவ்வேறு குத்தகைச் சட்டங்களுக்கு உட்பட்டதைப் பயன்படுத்தி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்ததை ஒப்பிட்டார்கள். சட்டம் தீவிரமாக இருந்த இடங்களில் நில ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது; கூலியும் உயர்ந்திருந்தது. ஆனால் சொந்தமாக நிலம் வாங்கி உழத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இடைநிலைச் சாதியினர். தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்களோ முன்பு கிடைத்த குத்தகை நிலத்தையும் இழந்து தினக்கூலிகளாயின. உரிமையாளர்கள் குத்தகைக்கு விடுவதைக் கைவிட்டு நிலத்தை விற்றபோது, வாங்குவதற்குப் பணமோ கடனோ உள்ளவர் வாங்கினார். இல்லாதவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் பலன், அந்த ஊரின் சாதி அடுக்கின் வழியாகவே பாய்ந்து யாரிடம் சேர வேண்டுமோ அவரை அடையாமல் போனது. நிலச் சீர்திருத்தம் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் இந்த முடிவை நினைவில் வைத்துப் பேசுவது நேர்மையாகும்.

இதே உண்மையை ஓர் ஊருக்குள் மிக நெருங்கிப் பார்த்தவர் வி.கே. ராமச்சந்திரன். அப்போது மதுரை மாவட்டத்திலும் இப்போது தேனி மாவட்டத்திலும் உள்ள கம்பம் பள்ளத்தாக்கின் கோகிலாபுரத்தில் 1977இல் வீடுவீடாகக் கணக்கெடுத்து, அதை அடிப்படையாகக் கொண்டு 1990இல் அவர் வெளியிட்ட நூல், பெரியாற்று நீர் பாயும் செழிப்பான ஊரிலேயே நிலம் சிலர் கையில் குவிந்திருந்ததையும், நிலமற்ற கூலிக் குடும்பங்கள் வேலை, கடன் இரண்டிற்கும் நிலமுடையோரைச் சார்ந்திருந்ததையும் விளக்கியது. மதுரா சுவாமிநாதனோடு சேர்ந்து அவர் அதே ஊரை மீண்டும் ஆராய்ந்தபோது, 1980களின் நடுவில் வங்கிகளின் சிறப்புத் திட்டங்களால் நிலமற்றோர் கடனில் வங்கியின் பங்கு வெகுவாக உயர்ந்து, 1990களின் இறுதியில் மீண்டும் சரிந்து கந்துவட்டியின் பக்கம் திரும்பியது தெரியவந்தது. கையில் நிலம் இல்லாதவருக்கு வங்கிக் கதவு கொள்கை மாறும்போது திறந்து, கொள்கை மாறும்போதே மூடிக்கொள்கிறது.

நிலம் இழந்த கதையில் பஞ்சமி நிலத்தை விட்டுவிட முடியாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கி, அதைப் பிறருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் விதித்தது. ஒதுக்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி நாளடைவில் பிறர் கைக்குப் போய்விட்டது. விற்க முடியாத உரிமை ஏழையைப் பாதுகாக்கும் என்பது கோட்பாடு. பதிவேட்டைக் காப்பவரும் நிலத்தின் மேல் கண் வைத்திருப்பவரும் ஒரே ஊரில் ஒரே சமூக வட்டத்தில் இருந்தால் அந்த நிபந்தனை நிற்காது என்பது வரலாறு. ஊர்ப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த, பரம்பரை வழியில் வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டதை வெறும் நிர்வாக மாற்றமாகக் காண்பதைவிட நில உரிமை வரலாற்றின் ஒரு திருப்பமாகக் காண்பதே பொருத்தம்.

மதுரைச் சமவெளியில் நிலத்தின் மதிப்பை முடிவுசெய்வது தண்ணீர். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, மேற்கே பாய்ந்த நீர் வைகைப் படுகைக்குத் திரும்பிய பிறகே இங்கு நன்செய் விரிந்தது. அந்நீரைக் கொண்டுவரும் கால்வாயில் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனப் பகுதி; அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பகுதிகளின் 1,05,002 ஏக்கர் ஒருபோகப் பகுதி. கால்வாயின் தலைப்பில் நிலமுள்ளவருக்கு ஆண்டுக்கு இரு விளைச்சல், கடைமடையில் உள்ளவருக்கு அணையின் நீர்மட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இருவரிடமும் இருப்பது ஒரே வகைப் பட்டாதான். உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் கால்வாய் எட்டாத ஊர்கள் கண்மாயை நம்பியிருக்கின்றன. கண்மாய் நீரை மடை திறந்து வயல் வயலாகப் பங்கிட்டுப் பாய்ச்சும் பொறுப்பு நீர்க்கட்டியுடையது. அவருக்கான கூலியைப் பயிரிடுவோர் அறுவடையில் நெல்லாகக் கொடுப்பது வழக்கம். இந்தக் கண்மாய்களை, ஆங்கில ஆட்சிக்கு முன் ஊர் கூடிச் சமத்துவமாகப் பராமரித்த பொற்காலத்தின் எச்சமாகக் காண்பது வழக்கமாக இருந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளை ஆராய்ந்து டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூல், அவை எப்போதும் அரசியல் ஆதரவோடும் சாதி அதிகாரத்தோடும் பின்னிப் பிணைந்தவை என்று நிறுவியது.

கண்மாய் தளர்ந்தபோது கிணறு வந்தது. எஸ். ஜனகராஜனும் ஏ. வைத்தியநாதனும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக வைகைப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் அடுத்தவர் கிணறு வற்றுகிறது; அவரும் ஆழப்படுத்த வேண்டியதாகிறது; இந்தப் போட்டியில் பணம் போட முடியாத சிறு உழவரின் கிணறு முதலில் கைவிடப்படுகிறது. நிலத்தடி நீர் மேலேயுள்ள நிலத்தின் உரிமையாளருக்கே உரியது என்ற சட்டக் கருத்து இதற்கு இடம் கொடுக்கிறது. பாசனப் பம்புக்கு இலவச மின்சாரம் தமிழகத்தில் 1990 முதல் எல்லா உழவருக்கும் கிடைக்கிறது. ஆனால் இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்க நிலம் தம் பெயரில் இருக்க வேண்டும் என்பதால், அந்த மானியமும் உழுபவரைத் தாண்டி உரிமையாளரையே சேர்கிறது.

பெண்களின் உரிமையில் தமிழகம் சட்டத்தால் முந்திக்கொண்டது. மகளுக்கும் மகனோடு பிறப்பால் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழகம் 1989இலேயே திருத்தியது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. எனினும் 1989 திருத்தம் அதற்கு முன் மணமான மகள்களுக்குப் பொருந்தவில்லை. பொருந்திய இடங்களிலும், சீர்வரிசை கொடுத்தாயிற்று என்று சொல்லிச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நீடிக்கிறது. பிறந்த வீட்டு உறவு முறிந்துவிடும் என்ற அச்சம் அந்தக் கையெழுத்தைப் போட வைக்கிறது. நிலம் பெண்ணின் பெயரில் இருப்பது குடும்பத்திற்குள் அவளது பேரம் பேசும் வலிமையை உயர்த்துகிறது என்று பினா அகர்வால் 1994இலேயே விரிவாக வாதிட்டார். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி அலகுகளில் ஏறத்தாழ 14 சதவீதமே பெண்கள் பெயரில் உள்ளன. ருவாண்டாவில் நிலப் பதிவை முறைப்படுத்தியபோது, மண் பாதுகாப்பு முதலீடும் சட்டப்படி மணமான பெண்களின் நில உரிமையும் உயர்ந்தன. மணம் பதிவாகாத பெண்களோ பின்தள்ளப்பட்டார்கள். பதிவேட்டில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் யாருடைய பெயர் ஏறும் என்பதை வரைவோர் முன்பே முடிவுசெய்துவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழகத்தில் இப்போது ஒவ்வொரு உழவருக்கும் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி நடக்கிறது. அந்த எண் பட்டாவோடு இணைக்கப்படுகிறது. பழைய அடங்கலில் இருந்த குறை புதிய கணினிப் பதிவிலும் அப்படியே ஏறிவிடும் ஆபத்து இதில் உண்டு. ஆந்திரப் பிரதேசம் இதற்கு ஒரு வழி தேடிப் பார்த்திருக்கிறது. நிலத்தின் உரிமையைத் தொடாமல், குறிப்பிட்ட காலத்திற்கு உழுபவர் இவர் என்று மட்டும் சான்றளித்து, அதைக் கொண்டு கடனும் காப்பீடும் பெறலாம் என்று 2011இல் ஒரு சட்டம் இயற்றியது. 2019இல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் உரிமையாளரின் சம்மதம் கட்டாயமாக்கப்பட்டதும், பலர் கையெழுத்திட மறுத்ததால் ஏராளமான குத்தகை உழவர்களுக்கு அந்தச் சான்று அட்டை கிடைக்காமல் போயிற்று. உரிமையாளரின் அச்சத்தைப் போக்கும் உறுதிமொழி சட்டத்தில் இருக்கட்டும். ஆனால் உழுபவர் யார் என்பதற்குச் சாட்சி உரிமையாளரின் கையெழுத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மதுரைச் சமவெளியின் கண்மாய்ப் பாசன ஊர்களில் எந்த வயலுக்கு யார் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்கிறார்கள், அறுவடையில் யார் கூலி நெல் அளக்கிறார்கள் என்பது நீர்க்கட்டிக்கும் ஆயக்கட்டுதாரர்களுக்கும் போகந்தோறும் தெரியும். அந்தச் சாட்சியத்தை ஊர்க் கூட்டத்தில் பதிவுசெய்து, கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்து அடங்கலில் ஏற்றுவதற்குப் புதிய கணினியில் ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும்.